மைக்கில் சொன்ன மாற்று விலை

பிஷ்கெக்
20 ஜனவரி 2014

என் கனிஷாய்க்கு,

நல்லா இருக்கியா? மாமியார் முழங்கால் எப்படி இருக்கு? போன்ல பேசினா அந்த அம்மா பக்கத்துல உட்கார்ந்து காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கறாங்கன்னு நீதான் சொன்னே. அதனால பழையபடி காகிதமும் டாக்ஸிக்கார ஜோல்டோஷும்தான் நமக்கு.

ஒரு உதவி வேணும்டி. மார்ச் அஞ்சாம் தேதி பல்கலைக்கழகத்துல கட்டுரை வாசிக்கிறேன். நம்ம சோம் நோட்டு வந்த புதுசுல, உங்க கரா-சூ சந்தையில, ஆத்துக்கு அக்கரை உஸ்பெக் நாட்டுல தற்காலிகமா அடிச்ச கூப்பன் நோட்டுக்கு என்ன ரேட்டு போச்சுன்னு மாசாமாசம் அட்டவணை போடறேன். பேங்க்ல பேங்க் ரேட்டுதான் இருக்கு. அந்த ரேட்டுக்கு அன்னிக்கு எவன் மாத்தினான்? சந்தை ரேட்டை யாரும் எழுதி வைக்கல. பணம் மாத்தினவங்களைக் கேட்டா ஆளுக்கொரு கதை சொல்றாங்க.

அப்புறம்தான் மண்டையில உறைச்சது, கல்யாண வீடியோ! மொய் வைக்கிறப்போ மைக் பிடிக்கிற தமதா, 'இத்தனை கூப்பன், இன்னிக்கு ரேட்டுக்கு இத்தனை சோம்'னு கத்துவானே! கேசட்டுல தேதியும் ஓடும். தெற்குப் பக்கத்து ஆட்களைப் பிடிச்சுக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிப் பாத்துட்டேன். எல்லா மாசமும் கிடைச்சாச்சு, தொண்ணூத்தி நாலு மே மட்டும் காலி. ஓட்டை விழுந்த அட்டவணையோட மேடை ஏறாதேங்கறார் எங்க துறைத் தலைவர். பதவி உயர்வும் இதுலதான் தொங்குது.

உன் கல்யாணம் மே மாசம்தானே? எனக்குக் காய்ச்சல்னு வராமப் போனேனே, அதேதான். கேசட்டைக் குடுத்தனுப்பேன், என் கண்ணுல்ல?

உன் புருல்

கரா-சூ
2 பிப்ரவரி

அடி புருல்,

இருபது வருஷமா என் கல்யாணக் கேசட்டைப் பாக்கணும்னு உனக்கு ஒரு நாள் தோணல. இப்ப ரேட்டு பாக்க வேணுமாக்கும். நல்லா இரு.

கேசட்டோட உஸ்கென் அரிசி கொஞ்சம், காய்ஞ்ச தயிர் உருண்டை, நம்ம குருத், ஒரு பை வச்சிருக்கேன். பாதி குருத்தை ஜோல்டோஷ் வழியிலயே கொறிச்சிருப்பான், விடு. மூத்தவ மெரிமுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சு. மே கடைசியில கல்யாணம். இந்தத் தடவையும் காய்ச்சல்னு சொன்னே, நானே வந்து உதைப்பேன்.

ஒண்ணே ஒண்ணு கேளு. முதல்ல மாப்பிள்ளை வீட்டு மொய் வரும். உன் ரேட்டை அதுலயே பாத்துக்கோ. அப்புறம் எங்க அப்பா மூட்டையோட உள்ள வருவார். அங்க நிறுத்திடு. அந்த இடத்தை யாருக்கும் காட்டாதே. ஏன்னு கேக்காதே. உன்னை நம்பித்தான் குடுக்கறேன்.

கனிஷாய்

பிஷ்கெக்
17 பிப்ரவரி

அன்புக் கனிஷாய்,

கோவிச்சுக்காதே. பாத்துட்டேன்.

மாப்பிள்ளை வீட்டு மொய் வர்றப்போ மேளமும் பாட்டும் காதைப் பிளக்குது, தமதா வாய் அசையறதுதான் தெரியுது. உன் அப்பா வர்றப்போதான் பாட்டை நிறுத்தறாங்க. தமதா கணீர்னு சொல்றான்: 'பெண்ணைப் பெத்த எசென்குல் ஒரு மூட்டை கூப்பன் கொண்டு வந்திருக்கார்! இன்னிக்குச் சந்தை ரேட்டுக்கு மாத்தினா ஒரு ஆட்டுக் குளம்பு வாங்கலாம்!' எத்தனை கூப்பன், எத்தனை சோம்னு ரெண்டு கணக்கும் சொல்றான். எனக்கு வேண்டியது அதுதான்டி. மே மாசத்துக்காக அலைஞ்ச அலைச்சலுக்குக் கடைசியில அது ஒண்ணுதான் கிடைச்சிருக்கு.

அந்தச் சின்னத் துண்டை மட்டும் கூட்டத்துல போட்டுக் காட்டட்டுமா? உன் பேரே எடுக்க மாட்டேன். அஞ்சாம் தேதிக்குள்ள பதில் போடு.

புருல்

கரா-சூ
24 பிப்ரவரி

புருல்,

வேண்டாம்.

நீ தலைநகரத்துல பொறந்தவ, உனக்குத் தெரியல. மாப்பிள்ளை வீட்டு மொய்க்குத்தான் தமதா நிஜ ரேட்டு சொல்வான். பெண் வீட்டு மொய்யை வேணும்னே மட்டம் தட்டுவான். உடனே பெண் வீட்டுக்காரங்க 'போடா, இந்தா இதையும் வச்சுக்கோ'ன்னு மேல மேல வைக்கணும். அதுதான் விளையாட்டு. அவன் சொன்னது ரேட்டே இல்லடி, கிண்டல். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அப்பாவுக்கும் தெரியும். ஆனா அவர்கிட்ட மேல வைக்க ஒண்ணுமில்ல. இருந்த ஒரே குதிரையை அக்கரையில வித்துட்டு வந்த பணம் அது. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னார், பாத்தியா? எல்லாரும் சிரிச்சாங்க. அன்னியிலேருந்து இந்த வீட்டுல என் பேர் 'ஆட்டுக் குளம்பு'. இப்பத்தான் மறந்து தொலைச்சிருக்காங்க.

பிஷ்கெக் வர்ற வழியில கணவாய்ல பனிச்சரிவுங்கறான் ஜோல்டோஷ். இது சீக்கிரம் உன் கைக்குக் கிடைக்கணும்.

கனிஷாய்

பிஷ்கெக்
9 மார்ச்

கனிஷாய்,

உன் கடிதம் இன்னிக்குக் காலையிலதான் வந்தது. கூட்டம் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு.

காட்டிட்டேன்.

பாதை மூடினதுன்னு சாக்குச் சொல்ல வாய் வரல. போன் பண்ணியிருக்கலாம். ரெண்டு தடவை உன் நம்பரை எடுத்தேன். கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிடுவேன்னு தெரியும், அதான் பண்ணல. இதுதான் நிஜம்.

குளம்புன்னதும் மண்டபமே சிரிச்சது. கைதட்டினாங்க. நானும் மேடையில நின்னு சிரிச்சேன்டி. உன் அப்பா என் தலைக்கு மேல திரையில தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறார், நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறேன். உங்க பக்கத்துப் பையன் ஒருத்தன் அதைச் செல்போன்ல எடுத்துட்டான். அழிக்கச் சொன்னேன். அதுக்குள்ள ஊருக்கு அனுப்பிட்டானாம்.

அந்தக் கணக்கும் பொய்னு இப்ப சொல்றே. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. நீ கேட்டது ஒரே ஒரு விஷயம், அதைக்கூட நான் காப்பாத்தல.

புருல்

கரா-சூ
20 மார்ச்

புருல்,

நாளைக்கு நோருஸ், புதுவருஷம். வாழ்த்து எழுதக் கை வரல.

வீடியோ உன் கடிதத்துக்கு முன்னாடியே வந்து சேர்ந்துடுச்சு. சந்தையில ரொட்டிக்கடைக்காரன் அப்பாகிட்டயே நீட்டி, 'மாமா, இது நீங்கதானே, பெரிய படிப்பெல்லாம் உங்களை வச்சுப் படிக்கிறாங்களே'ன்னு கேட்டிருக்கான். அப்பா முழுசாப் பாத்தாராம். 'நான்தான்'னு சொல்லிட்டு ரொட்டிகூட வாங்காம வீட்டுக்கு வந்துட்டார். அப்புறம் தேநீர்க்கடைப் பக்கம் போகல. மெரிமைக் கட்டப்போறவங்களும் பாத்திருக்காங்க. இப்ப அவளுக்கும் அந்தப் பேர் வந்துடுமோன்னு பயமா இருக்கு.

என்னைப் பாத்துச் சிரிச்சதை நான் தாங்கிக்கிட்டேன். அவரை இன்னொரு தடவை அங்க நிக்க வச்சுட்டியே. இனிமே எழுதாதே.

கனிஷாய்

பிஷ்கெக்
11 ஏப்ரல்

கனிஷாய்,

எழுதாதேன்னே. இது ஒண்ணு மட்டும் எழுதிடறேன்.

கட்டுரையை வாபஸ் வாங்கிட்டேன். அதே மண்டபத்துல, அதே ஆளுங்களைக் கூப்பிட்டு, மே மாசக் கணக்கு பொய், அது கல்யாண வீட்டுக் கிண்டல், அதுவும் அனுமதி இல்லாமக் காட்டினதுன்னு சொன்னேன். யாரும் சிரிக்கல. துறைத் தலைவர் முகம் கொடுத்துப் பேசறதில்ல. பதவி உயர்வு போனா போகட்டும். அட்டவணையில மே மாசம் காலியாவே இருக்கும்.

கேசட்டை ஜோல்டோஷ் கையில குடுத்திருக்கேன். நான் எடுத்து வச்சிருந்த நகலை அழிச்சுட்டேன். செல்போன்ல சுத்தறதை என்னால அழிக்க முடியல. உன் அப்பா முகத்துல முழிக்கிற யோக்கியதை எனக்கு இல்ல. மெரிம் கல்யாணத்துக்கு நான் வரல, நீ தர்மசங்கடப்பட வேண்டாம்.

புருல்

கரா-சூ
6 மே

புருல்,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். படிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். என்ன எழுதியிருக்கான்னு அவரே கேட்டார். முழுசாக் கேட்டார். அப்புறம், 'அந்தப் பொண்ணை மெரிம் கல்யாணத்துக்கு வரச் சொல்லு'ன்னார்.

எனக்கு இன்னும் மனசு ஆறல. அதையும் சொல்லிடறேன். வீட்டுல நுழைஞ்சதும் நான் கட்டிப் பிடிப்பேன்னு நினைச்சுக்கிட்டு வராதே.

இந்தக் கல்யாணத்துல ரெண்டு வீட்டு மொய்யையும் அப்பாதான் மைக்ல சொல்லப்போறார். சம்பந்தி வீட்டுல போய் அவரே அனுமதி கேட்டு வாங்கிட்டு வந்துட்டார். தமதாவை அந்த நேரம் சாப்பிடப் போகச் சொல்லியாச்சு. உனக்கு ஒரு சேதி சொன்னார், அப்படியே எழுதறேன்:

'அவ எந்த ஊர் நோட்டைக் கொண்டு வந்தாலும் சரி. எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன், மாத்தியும் சொல்ல மாட்டேன். கனிஷாயோட சிநேகிதி வந்திருக்கான்னு மட்டும் சொல்வேன்.'

இருபத்தி நாலாம் தேதி, சனிக்கிழமை. பாதை திறந்தாச்சு.

கனிஷாய்