மாப்பிள்ளைக்கு நல்ல தண்ணீர்

அன்புள்ள என் மனைவிக்கு,

நான் நலம். மாப்பிள்ளை நலமில்லை. உன் நலத்தையும், உன் கோபம் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள ஆசை.

உறையைப் பிரித்ததும், யாரைப் பிடித்து எழுதச் சொன்னார் இந்த மனுஷன் என்று நினைப்பாய். யாரையும் பிடிக்கவில்லை. இது என் கை. இந்த நாலு வரிக்குள் ஒரு டம்ளர் காபி ஆறிப்போனது. ஆறட்டும். நாற்பது வருஷம் ஊரார் சுவருக்கெல்லாம் வர்ணம் அடித்த கை, இப்போதுதான் சொந்தமாக ஒரு கோடு போடுகிறது.

ஆறு மாதமாகச் சாயங்காலம் எங்கே போனேன் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாய் அல்லவா? சீட்டாடப் போகவில்லை. நூலகத்தின் பின்னறையில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள். அங்கே போனேன். நன்றாக எழுத வந்தபிறகு உன் முன்னால் எழுதிக் காட்டலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ கேட்டபோது, “உனக்கு மீனைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு, நான் எங்க போனா என்ன?” என்று சொன்னது நான்தான். அந்தப் பேச்சுக்குத்தான் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாய். மறுக்கவில்லை.

உன் தங்கை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிப்பாள், அவளுக்காக ஒரு வரி. மாப்பிள்ளை என்றால் எங்கள் வீட்டுக் கூடத்துக் கடல்தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மஞ்சள் மீன். ஒன்பது வருஷமாக வேலைவெட்டி இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு வருவதால் அவள் அக்கா வைத்த பேர்.

அவன் பன்னிரண்டு நாளாகச் சரியில்லை. பாறையில் உடம்பை உரசிக்கொண்டே இருக்கிறான். மஞ்சள் மங்கி, அங்கங்கே திட்டுத் திட்டாக அழுக்குப் படிந்ததுபோல இருக்கிறது. ஒரு கண்ணில் பால் படர்ந்திருக்கிறது. செவுள் படபடவென்று அடிக்கிறது. உயிரைக் கொடுத்துத் தின்னுவானே, அந்தக் காய்ந்த கடற்பாசித்தாள், அதைக் கட்டித் தொங்கவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நீ வருவதற்குள் இவன் போய்விட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன். நான் பாதி சொல்வதற்குள், “வெள்ளைப் புள்ளி நோய்தான் சார், கண்ண மூடிட்டு ஊத்துங்க” என்று ஒரு நீல பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றவா நான் ஆறு மாதம் படித்தேன்? மேலே ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தேன். செம்பு மருந்து, இறால் உள்ள தொட்டியில் ஊற்றக்கூடாது என்று இருந்தது. உன் சிவப்பு இறால் பாறைக்கு அடியிலிருந்து மீசையை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. இறால் பிழைத்தது என் படிப்பால். அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாட்டிலைத் திருப்பிக் கொண்டுபோனால் அவர், “அட, ஆமால்ல!” என்று சிரித்துவிட்டு, அதே கையால் வேறொரு பாட்டிலை எடுத்து நீட்டுகிறார். வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. வெள்ளைப் புள்ளி என்றால் தூள் உப்பைத் தூவினதுபோல இருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இது புள்ளி இல்லை, திட்டு. மேல்பூச்சு விட்டுப்போன சுவருக்கும் புள்ளி விழுந்த சுவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? சொன்னால், “நீங்க பெயின்டர் சார், நான்தான மீன் வியாபாரி” என்கிறார். மீனை வந்து பார்க்காத வியாபாரி!

நீ கூப்பிடும் தொட்டி கழுவுகிற அம்மா வெளியூர் போயிருந்தார். நேற்று முன்தினம்தான் வந்தார். வந்ததும் உப்புப் பார்க்கிற கண்ணாடிக் குழலைத் தண்ணீரில் மிதக்கவிட்டார். குழலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஐயா, மீன் வளக்கறீங்களா, கருவாடு போடறீங்களா?” என்று கேட்டார்.

குறைகிற தண்ணீருக்கு எதை ஊற்றினீர்கள் என்றார். தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்கென்று பால்கனி டிரம்மில் நீ கலக்கி வைத்துப்போன உப்புத் தண்ணீரைத்தான் என்றேன். கடல் மீன் இல்லையா! ஏழு வாரம், நாள் தவறாமல். “தண்ணிதான ஆவியாப் போகுது, உப்பு எங்க போகும்?” என்று அவர் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். டப்பாவில் பெயின்ட் இறுகினால் தின்னர் ஊற்றுவேனா, பெயின்டையே ஊற்றுவேனா? நாற்பது வருஷம் தினமும் செய்த வேலை, தொட்டி என்று வந்ததும் மூளைக்கு எட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியின் பக்கவாட்டில் நீ ஒரு தாள் ஒட்டிப் போனாய். பக்கத்து வீட்டில் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் கேட்கவில்லை. நானே படிக்கப்போகிறேன் என்று வீம்பு. அச்செழுத்து எனக்கு வருகிறது, ஆனால் உன் எழுத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். அந்த அம்மா சொன்னபிறகு விரல் வைத்துப் படித்தேன். மூன்றாவது வரி: “குறையும் தண்ணீருக்கு நல்ல தண்ணீர் மட்டும்.” யாரைத் திட்டுவது?

அந்த அம்மா ஒரு வாளியில் நல்ல தண்ணீர் பிடித்தார். குளோரின் போக மருந்து விட்டு, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, காற்றுக் குழாயும் போட்டு, மாப்பிள்ளையைப் பிடியுங்கள் என்றார். கடல் மீனை நல்ல தண்ணீரில் போட்டால் செத்துவிடும் என்று கத்தினேன். “அஞ்சு நிமிஷம்யா. அவன் தாங்குவான், அவன்மேல ஒட்டிட்டு இருக்கறது தாங்காது” என்றார்.

வலையில் துள்ளியதில் அவன் வால் முள் என் கட்டைவிரலைக் கிழித்தது. வாளியில் விட்டதும் சாய்ந்து படுத்துவிட்டான். மூன்றாவது நிமிஷம் அவன் உடம்பிலிருந்து வெள்ளை வெள்ளையாகச் செதில்போல உதிர ஆரம்பித்தது. செதில் இல்லை, தட்டைப்புழு. எள்ளளவு, சிலது அதைவிடப் பெரிது. அவன்மேல் இருக்கிறவரை கண்ணாடிபோல இருக்குமாம், கண்ணுக்கே தெரியாதாம். நல்ல தண்ணீர் பட்டால்தான் வெளுத்துப்போய் விழுமாம். பதினேழு வரை எண்ணினேன், பிறகு கண் கலங்கிவிட்டது.

இந்தப் புழு எப்படி வந்தது என்று கேட்டேன். புதிதாக மீன் ஏதாவது விட்டீர்களா என்றார். நீ போவதற்கு முந்தின வாரம் வாங்கி, தனியே வைத்துப் பார்க்காமல் நேரே தொட்டியில் விட்ட வரிமீனைக் காட்டினேன். குற்றம் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். புழு உன் பங்கு, உப்பு என் பங்கு.

இன்று காலை பாசித்தாளின் ஒரு மூலையைக் கடித்திருக்கிறான். ஆனால் கண் இன்னும் தெளியவில்லை. புழுவின் முட்டை தொட்டிக்குள் இருக்குமாம். வரிமீனையும் குளிப்பாட்டி, தொட்டிக்குப் புழு மருந்து விட்டாயிற்று, இறாலுக்கு ஆகாததா என்று படித்துப் பார்த்துத்தான். உப்பையும் நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்து வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை இருவருக்கும் இன்னொரு முறை நல்ல தண்ணீர்க் குளியல் போடவேண்டும். அன்றைக்கு அந்த அம்மா வரமுடியாதாம். ஒருவர் மீனைப் பார்க்கவேண்டும், ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஒரு நிமிஷம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் புழு மிஞ்சும்.

உன் தாளின் கடைசி வரியை நேற்றுதான் முடித்தேன். அது மீனைப் பற்றியது இல்லை. “உங்கள் மாத்திரை மேல் தட்டில். காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள். மறக்காமல்.” அத்தனை கோபத்தில் கிளம்பும்போதும் அதை எழுதியிருக்கிறாய். ஏழு வாரமாகக் கண்ணெதிரே ஒட்டியிருந்தது, எனக்குத் தெரியவில்லை.

வெள்ளி காலை பத்து மணி. வாளி இருக்கிறது, வலை இருக்கிறது, கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டுவிட்டேன். இரண்டு கைதான் குறைகிறது.

இப்படிக்கு,
இனிமேல் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற
உன் கணவன்