முதல் விரிப்பு எந்த வாசலுக்கு

வியாழன். ஐப்பசி, 1974. காலையிலிருந்து தூறல்.

இல்லை, திவான் ஐயா, ஒத்துக்கொள்ள மாட்டேன். பதில் கேட்காமல் நீங்கள் படியிறங்கிப் போய்விட்டீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். "ஒன் வேல துணி விரிக்கிறதுடே, மாடசாமி. யோசிக்கிறதில்ல" என்றீர்கள். ஐம்பது வருஷமாகக் குனிந்தே இருப்பவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு என்ன பொழுதுபோக்கு? மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் அரண்மனைத் துணி முழுக்க வெளுப்பவன். உங்கள் வேட்டியில் எந்தக் கறை எப்படி வந்தது என்பதும் தெரியும். சொல்லட்டுமா?

வெள்ளைக்காரன் போனபோது மற்ற ராஜாக்கள் எல்லாம் டெல்லிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் பெரிய ராஜா பேனாவில் மை இல்லை என்றார். அதனால் மேட்டுநாடு இன்னும் தனி நாடு. சொந்தக் கொடி, சொந்தத் தபால்தலை, போடிமெட்டில் சொந்தச் செக்போஸ்ட். கூடவே பழைய முறைகளும்.

அதில் ஒன்று. அரண்மனைப் பெண் பதினெட்டு தாண்டிய பிறகு, வெள்ளை விரிப்பில் நடந்து முதலில் எந்த வீட்டு வாசலுக்குள் போகிறாளோ அதுதான் அவள் வாழப்போகிற வீடு. பிறகு ராஜாவாலும் மாற்ற முடியாது.

ராஜாவின் மகள் சின்ன ராணிக்குப் பத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை கெஸ்ட் ஹவுஸ் வாசல் வரை விரிக்க உத்தரவு. அங்கே கீழ்நாட்டு இளவரசன் ஒருவன் வந்து உட்கார்ந்திருக்கிறான். நாலு பெட்டி, ஒரு நாய். அந்தப் பெண்ணிடம் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. நாயிடம் கேட்டிருப்பார்கள்.

வாங்க வேண்டியது: சவுக்காரம், நீலம், முதுகுக்குத் தைலம்.

வெள்ளி. மூடுபனி. துணி எதுவும் காயவில்லை.

துவைக்கிற கல்லுக்கே வந்துவிட்டாள் சின்ன ராணி. செருப்பெல்லாம் சேறு.

"தாத்தா, அந்தப் பச்சைச் சால்வை..."

"கிரீஸ் போயிருச்சு தாயி. மூணு தடவ கசக்குனேன். நாலு விரலு அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. டீ ஃபேக்டரில மிஷின் கிஷின் தோளப் பிடிச்சுருச்சோ?"

முகம் சிவந்தது. "மிஷின் இல்ல."

"தெரியும். மிஷினுக்கு இவ்வளவு தைரியம் ஏது."

செல்வம். ஃபேக்டரி மெக்கானிக். சூரியநெல்லிப் பக்கம், தோட்டக் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற கீழ் லயத்தில், கடைசி வீடு. தாயும் தகப்பனும் இல்லை. நல்ல பையன், சட்டை மட்டும் வெளுக்கவே வெளுக்காது.

சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். "நான்தான் தாத்தா கட்டிக்கிறீங்களான்னு கேட்டேன். அவங்க சரின்னாங்க. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். 'முறைப்படி நட' அப்படின்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

"முறைப்படின்னா விரிப்பு மேலதான. அது எந்தப் பக்கம் போகணும்னு எந்த முறையிலயும் இல்லையே."

சேற்றுச் செருப்பைக் கழற்றிக் கல்லில் தட்டினாள். "நீங்க விரிங்க. நான் நடக்கிறேன்."

வெளுத்ததையே எடுத்து இன்னொரு தடவை வெளுத்தேன்.

சனி. மழை விட்டு விட்டு.

வழக்கமாக இரண்டு துணிதான். ஒன்றை முன்னால் விரிக்க, கடந்ததைப் பின்னாலிருந்து ஒருத்தன் சுருட்டி எனக்குத் தருவான். திவானிடம் போய், சேறாக இருக்கிறது, சுருட்டி விரித்தால் ராணி காலில் அழுக்குப் படும், களஞ்சியத் துணி மொத்தமும் வேண்டும், பின்னால் சுருட்ட ஆளே வேண்டாம் என்றேன்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று அவரே கையெழுத்துப் போட்டார். பேனாவில் மை இருந்தது.

சாயங்காலம் செல்வத்தைப் பார்த்தேன். "ஏலே, நாளைக்கு எங்க இருப்ப?"

"ஷிப்டு தாத்தா."

"லீவப் போடு. வாசலக் கூட்டி வை. அந்தச் சட்டையப் போடாத."

புரிந்துவிட்டது. "அவங்க நெசமா வருவாங்களா?"

"வராட்டி நான் வாரேன். எனக்குச் சோறு போடு."

"உங்க வேலை போயிருமே தாத்தா."

தெரிந்ததுதானே.

ஞாயிறு. வெயில். இந்த மாதத்தில் முதல் வெயில்.

முதுகுப் பக்கமாக நடந்தபடிதான் விரிப்பேன். ராணிக்கு முதுகு காட்டக் கூடாது. எங்கே போகிறேன் என்பது என் முதுகுக்கு மட்டும் தெரியும். ஆலமரம் தாண்டியதும் பாதை பிரிகிறது. வலது கெஸ்ட் ஹவுஸ், இடது லயம். இடது.

"மாடசாமி, வலப்பக்கம்டே."

"வயசாச்சு ஐயா. எது வலதுன்னு மறந்து போச்சு."

லயத்துப் பாதை ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலைச் செடி, இடைவெளியே இல்லை. பாதை முழுக்க என் துணி. ராஜ ரத்தம் தவிர யாரும் அதை மிதிக்கக் கூடாது. பாதை தொடங்குகிற இடத்திலேயே திவான் நின்றுவிட்டார்.

"துணியச் சுருட்டுடே."

"நீங்களே மிதிச்சு வந்து சுருட்டுங்க ஐயா."

செடிக்குள் இறங்கி வரப் பார்த்தார். பத்தடி வந்தார். அட்டை ஏறியது. ஒரு காலைத் தூக்கி நின்றபடி கத்தினார்: நாளையிலிருந்து வேலை கிடையாது, அரண்மனை வீட்டைக் காலி செய். சரி என்றேன். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக, வேலை நேரத்தில் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துப் பார்த்தார்கள். "ஏட்டி, இங்கதான் வாராக" என்றாள் ஒருத்தி.

கடைசித் துணி வாசற்படியைத் தொட்டதோடு சரியாக முடிந்தது. உள்ளே செல்வம், வெள்ளைச் சட்டை, கையில் இன்னும் துடைப்பம். சின்ன ராணி எனக்கு எதிரில். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் விடலாமா?

"தாயி, நல்லா யோசிச்சுக்கிடுங்க. கூரை ஒழுகும். பைப்புத் தண்ணிக்கு வரிசைல நிக்கணும். இவன் சட்டைய இனிமே நீங்கதான் தொவைக்கணும். அந்தக் கிரீஸுக்கு ஒரு வழி இருக்கு, மொதல்ல மண்ணெண்ணெயத் தொட்டு..."

சொல்லி முடிக்கவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.