ஆடி மாதத்து மாப்பிள்ளை

18-1-72
பொங்கல் முடிந்து இன்றுதான் சோடா மிஷினை ஓட்டினோம். தை, மாசி முழுக்கக் கல்யாணம். அமராவதிபுதூர், நேமத்தான்பட்டி எல்லாம் நம் பன்னீர் சோடாதான். பாட்டில் கழுவிக் கழுவி விரல்கள் ஊறிப்போய்விட்டன.

சாராயக் கடை முத்துவீரன் வந்து இவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். சர்க்கார் மதுவிலக்கை எடுத்துக் கடையைத் திறந்தும் கௌரவப்பட்ட ஆட்கள் வருவதில்லையாம். “நாத்தந்தாண்ணே. வீட்டுக்குப் போனா பொம்பளைக மோந்து பாத்துக் கண்டுபிடிச்சிர்றாக” என்றான். இவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று தெரியவில்லை.

2-2-72
தெரிந்துவிட்டது. பன்னீர் எஸன்ஸைத் தாராளமாக ஊற்றி, சீனியும் கூட்டி ஒரு தனிச் சரக்குப் போடச் சொன்னார். முத்துவீரன் கடைக்காம். சாராயத்தில் பாதிக்குப் பாதி கலந்தால் கல்யாண வீட்டு வாசனைதான் வருமாம்.

“எங்க போனேன்னு கேட்டா கல்யாணத்துக்குன்னு சொல்லிக்கிருவான். வாசல்ல பன்னீர் தெளிச்சாகன்னா யாரு மறுக்க முடியும்?”

வேண்டாம் என்றேன். “சோடா விக்கிறவன், யாரு எதுல கலந்து குடிக்கிறான்னா பாத்துக்கிட்டிருக்க முடியும்?” என்றார். இவரிடம் பேசி நான் என்றைக்கு ஜெயித்தேன்? போட்டுக் கொடுத்தேன்.

11-3-72
அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள் — மாப்பிள்ளை. “ரெண்டு மாப்பிள்ளை ஊத்து” என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிறதாம். தாலுகா கச்சேரி குமாஸ்தா குடிக்கிறார், ஜவுளிக் கடைக் கணக்கப்பிள்ளை குடிக்கிறார். சாராயத்தைக் கண்டாலே காறித் துப்பியவர்கள் எல்லாம், இது இனிப்பாக இருக்கிறதே, இதில் என்ன இருக்கிறது என்கிறார்களாம். பக்கத்து வீட்டு அழகுசுந்தரம் செட்டியார்கூட சாயங்காலமானால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

அவர் வீட்டு விசாலம் ஆச்சி என்னிடம், “இந்த வருசம் என்னமோ இவுகளுக்கு ஊருபட்ட கல்யாணம்” என்றார்கள். நான் பாட்டிலைக் குனிந்து கழுவிக்கொண்டே இருந்தேன்.

28-4-72
பாட்டில் கழுவினேன். சமைத்தேன். பாட்டில் கழுவினேன்.

4-6-72
தேவகோட்டையில் எவரோ நம்மைப் பார்த்து ரோஸ் கலரில் போடுகிறாராம். எடுபடவில்லை என்று இவருக்கு ஒரே பூரிப்பு. தினமும் முத்துவீரன் கடைக்குப் போகிறார். கேட்டால், ருசி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்கிறார். ருசி பார்க்க இவ்வளவு நேரமா? திரும்பி வந்தால் பேச்சு கொஞ்சம் கூடுதல், சாப்பாடு கொஞ்சம் குறைவு.

20-7-72
காலையில் விசாலம் ஆச்சி சிரித்துக்கொண்டும் கோபப்பட்டுக்கொண்டும் வந்தார்கள். இரண்டும் சேர்ந்து அவர்களுக்கு மூச்சு வாங்கியது.

“நேத்து ராத்திரி வந்தாக. மேலெல்லாம் பன்னீரு. எங்க போனீகன்னேன். கல்யாணத்துக்குன்னாக. ஏங்க, ஆடி மாசத்துல எந்த மகராசன் வீட்டுல தாலி கட்டுனாகன்னு கேட்டேன். முழிச்ச முழி இருக்கே நாகவல்லி!”

ஊர் முழுக்க இதே கதைதானாம். இத்தனை கெட்டிக்காரர்கள் கூடிக் குடித்தார்களே, பஞ்சாங்கத்தைப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

போகும்போது ஆச்சி சும்மா கேட்டார்கள். “ஆமா, ஒன் வீட்டுக்காரரு குடிச்சா நீ எப்பிடிக் கண்டுபிடிப்ப?”

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இவர் மேல் பன்னீர் வாசனைதான். சட்டையில், தலையணையில், இந்த வீட்டுச் சுவரில். எனக்கு ஏது ஆடி, ஏது தை?

21-7-72
கேட்டுவிட்டேன். “குடிக்கிறீகளா?”

“தொழிலுக்காக நாக்குல வச்சுப் பாக்குறது குடியா?” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நம்பலாமா? நம்பினால் தூங்கலாம். நம்பிக்கொள்கிறேன்.

10-9-72
ஆவணி முகூர்த்தம். நேமத்தான்பட்டிக் கல்யாண வீட்டிலிருந்து, பிரிக்காத பெட்டிகள் அப்படியே திரும்பி வந்தன. “எலுமிச்சை இருந்தாக் குடுங்க, பன்னீர் வேணாம்னு பொம்பளைக சொல்லிட்டாக” என்றான் வண்டிக்காரன். அங்கே வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற பெண்ணைப் பார்த்து வந்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். பெண் வீட்டார் கூசிப்போய்ச் செம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

முத்துவீரனும் தன் பெட்டிகளைத் திருப்பிவிட்டான். மறைக்காத வாசனைக்கு யார் காசு கொடுப்பார்கள்? மாப்பிள்ளை ஒழிந்தான். என் பன்னீர் சோடாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

5-11-72
பன்னீர் போட்டு வெகு நாளாகிறது. தீபாவளிக்கு வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து, தலையணை உறையெல்லாம் வெளுத்தேன். வீட்டில் சுண்ணாம்பு வாசனை மட்டும்தான்.

இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்றம். பச்சைச் சாராய நாற்றம்.

எத்தனை நாளா? ஐயோ, எத்தனை நாளா இது? ஊரிலே அத்தனை பொம்பளைகளும் ஆடியிலேயே கண்டுபிடிச்சிட்டாக. நான் ஒருத்தி மட்டும் பன்னீரைக் கட்டிப்பிடிச்சுத் தூங்கிக்கிட்டு இருந்திருக்கேன். என் கையால ஊத்துன பன்னீரு —

சண்டை போடவில்லை. சோறு போட்டேன். பாதியில் எழுந்துவிட்டார்.

19-2-73
இவர் காலையில் எழுந்திருப்பதில்லை. சோடாவுக்குக் கேஸ் ஏற்றும் மிஷினை நானே சுற்றினேன். ஒரு பாட்டில் வெடித்துக் கையைக் கிழித்துவிட்டது. துணி சுற்றிக்கொண்டு மிச்சத்தையும் முடித்தேன். யாரிடம் சொல்வது?

8-8-73
விடுகிறேன் என்று கொப்புடையம்மன் மேல் சத்தியம் செய்தார். பார்ப்போம்.

15-8-73
பார்த்தாயிற்று.

1-9-74
மறுபடி மதுவிலக்காம், இன்றோடு சாராயக் கடைகளை மூடிவிட்டார்கள். தெருவில் பெண்கள் எல்லாம் சிரித்த முகமாக இருக்கிறார்கள். ஆச்சி கவுனி அரிசி இனிப்புச் செய்து கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். அழகுசுந்தரம் செட்டியார் அந்த ஆடியோடு விட்டவர்தான், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவருக்கு அது நாலு மாத வேடிக்கை.

இவருக்குக் கை நடுங்குகிறது. தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக் குடிக்க வைத்தேன். “இனிமே எல்லாம் சரியாயிரும் வள்ளி” என்றார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது முகம். நம்பவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை.

22-9-74
கண்மாய்க்கரைப் பக்கம் யாரோ கள்ளச் சாராயம் காய்ச்சுகிறார்களாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தடுக்க எழுந்தேன். அலுப்பாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

27-10-74
ஐப்பசிக் கல்யாணத்துக்கு சோடா சொல்ல நாச்சியாபுரத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். வாசலில் நின்று, “மொதலாளி இருக்காகளா?” என்று கேட்டார்.

இவர் உள்ளேதான் இருந்தார். பாயில், சுவரைப் பார்த்தபடி, விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். நான் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன்.

“நான்தான். சொல்லுங்க” என்றேன்.

நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். எலுமிச்சை, ஆரஞ்சு, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.