கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் என் மகள்

அனுப்புநர்:
மு. தனபால்,
விசைத்தறி உரிமையாளர்,
சோமனூர்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வி அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: தொடர்பியல் படித்தால் கிடைக்கும் வேலைகள் குறித்துப் பீளமேட்டுத் தனியார் கல்லூரி ஒன்று அச்சிட்டுள்ள பொய்யை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் வெட்கக்கேடான ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1993இல் மேற்படி கல்லூரியின் பெற்றோர் கூட்டத்தில், தொடர்பியல் படித்தவரை வேலை தேடி வரும் என்று துறைத்தலைவர் சுந்தரராஜுலு முழங்கியதும், அரங்கத்தில் கைதட்டிய ஒரே ஆள் நான்தான். வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம், பத்திரிகை என்று நீண்ட அவர்களது கையேட்டை மாப்பிள்ளை ஜாதகம்போலச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன்.

2. என் மகள் சாந்தாமணி முதல் வகுப்பில் தேறி ஓராண்டாகிறது. இதுவரை அவளைத் தேடி வந்த வேலை ஒன்றே ஒன்று: ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் மைக் பிடிக்க ஒரு ஜவுளிக்கடைக்காரர் அழைத்தார். தற்சமயம் என் தறிக்கூடத்தில் அறுந்த நூலை முடிகிறாள்.

3. கடந்த பிப்ரவரியில் அதே துறைத்தலைவர் பன்னிரண்டு மாணவர்களுடன் களப்பணிக்காக என் தறிக்கூடத்துக்கு எழுந்தருளினார். தறிகள் ஓடுகையில் நடுவில் நின்று அரை மணி நேரம் உரையாற்றினார். ஒரு சொல்லும் எவர் காதிலும் விழவில்லை. அந்தச் சத்தத்தில் எங்களுக்கு உதட்டசைவும் கையுமே பேச்சு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கருப்பாத்தாள், கடைசித் தறியிலிருந்து ஒரு புருவத்தைத் தூக்கி நூல் அறுந்ததை மேஸ்திரிக்குச் சொன்னார். மறு புருவத்தால் பேராசிரியரைப் பற்றியும் ஏதோ சொன்னார். கூடமே குலுங்கிச் சிரித்தது. தறி நின்றதும் என்னிடம், "ஏனுங்க மொதலாளி, அந்த வாத்தியாருக்குக் காது கேக்காதுங்களா? இத்தன கத்தறாரு, பாவமுங்க" என்று அவர் வினவியதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

4. இந்த ஆண்டுக் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில், மாணவர்கள் அன்று எடுத்த என் மகளின் புகைப்படம். கீழே, "எங்கள் மாணவி, தொழிலகத் தொடர்பு அதிகாரி, சோமனூர்." கையிலிருந்த நூலை மட்டும் பக்குவமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

5. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தம்பிதுரை, தன் மகளுக்குக் கிடைத்த ஆசிரியர் பயிற்சி இடத்தை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, இந்தத் தொடர்பியலில் சேர்க்கப்போகிறார். சேர்க்கைக்கு இம்மாதம் இருபதாம் தேதி கடைசி நாள். நான் தடுத்தால், "உங்க புள்ள மட்டும் ஆபீசராகோணும், எம்புள்ள ஆகக்கூடாதுங்களா?" என்கிறார்.

ஆகவே அதற்குள் அந்தப் பக்கத்தை நீக்க உத்தரவிட்டு, அலுவலக முத்திரையுடன் எனக்கு ஒரு வரி எழுதினால், தம்பிதுரையிடம் காட்டுவேன். என் வாய்ப்பேச்சு அங்கே எடுபடவில்லை.

இடம்: சோமனூர்
நாள்: 7.7.1997

இப்படிக்கு,
மு. தனபால்

பின்குறிப்பு: விசாரணையில் எப்படியும் வெளிவரும் என்பதால் நானே தெரிவித்துக்கொள்கிறேன். அன்று வெளியே டீ குடிக்கையில், மகள் என்ன செய்கிறாள் என்று பேராசிரியர் கேட்டார். நூல் முடிகிறாள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பதவிப் பெயர் நான் சொன்னது.