முப்பத்தேழாம் நம்பர் கால்

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை

ஜோயாவின் அப்பாவுக்கு ரஃபத் ஸலாம் சொல்லி எழுதுவது. ஜோயாவும் மாமியும் சுகம். ஜித்தாவில் வெயில் ஜாஸ்தி என்றீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹஸன் அண்ணன் லீவு முடிந்து அங்கே வருகிறார். அவரிடம் மக்கன்பேடா இனிப்பு டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசும்போது மாமி பக்கத்திலேயே இருப்பதால் சொல்ல முடியவில்லை.

வேலூரில் இடுப்பு மூட்டு மாற்றியது நன்றாகத்தான் இருக்கிறது. பழைய வலி போயே போய்விட்டது. வீடியோவில் நடந்து காட்டினேனே, அது பொய் இல்லை. ஆனால் அந்த வலது காலில் முட்டிக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மயக்கம் தெளிந்ததிலிருந்தே இல்லை. குட்டையாகிப் போயிருந்த காலை நீட்டிச் சமமாக்கும்போது நரம்பு இழுபட்டிருக்கலாம், சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். யார் மேலும் குறை இல்லை. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்கிறார். மாமி பேஜாராகிவிடுவார் என்று வீட்டில் சொல்லவில்லை. ஷூ கம்பெனியிலும் சொல்லவில்லை.

அங்கேதான் தப்பாகிவிட்டது. என் கால் அச்சு எடுத்தது போல முப்பத்தேழாம் நம்பர் என்பது உங்களுக்குத் தெரியும். புது மாடல் எது வந்தாலும் முதல் ஜோடியை எனக்குப் போட்டு நடக்கவிட்டு, எங்கே கடிக்கிறது, எங்கே இறுக்குகிறது என்று கேட்ட பிறகுதான் ஆர்டருக்கு அனுப்புவார்கள். ஜெர்மனிக்காரிகளே உன் காலைக் கேட்டுத்தான் நடக்கிறார்கள் என்று கேலி செய்வீர்களே. போன வாரம் ஒரு புது ஷூவைப் போட்டு ஹால் முழுக்க நடந்தேன். எங்கேயும் கடிக்கவில்லை, சரியாக இருக்கிறது என்றேன். கழற்றும்போது சூப்பர்வைசர் மேகலா, "இன்னாக்கா இது, சாக்ஸெல்லாம் ரத்தமா இருக்குது" என்று அலறினாள். ஷூ செய்யும்போது உள் அட்டை நகராமலிருக்க அடித்த சின்ன ஆணி ஒன்றைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். அது உள்ளங்காலில் ஏறியிருந்தது. அதை மிதித்துக்கொண்டே நான் சரி சரி என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மேகலாதான் அழுதாள். எனக்கு வலியும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஊசி போட்டாயிற்று, புண் ஆறுகிறது. இப்போது என்னைப் பேக்கிங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். ட்ரயலுக்குப் பூங்குழலி என்ற பெண் நடக்கிறாள். நல்ல பெண். நான் ஷூவுக்குள் காகிதம் அடைத்து டப்பாவை மூடுகிறேன்.

ஜோயா கம்ப்யூட்டர் படிப்புதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். நீங்களே பேசுங்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன்.

பெருநாளைக்கு வருகிறீர்கள். வரும்போதெல்லாம் காலைத் தொழுகைக்கு என் வலது கால் பெருவிரலைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்புவீர்கள். இந்த முறை அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் இழுத்துக்கொண்டே இருப்பீர்கள், நான் தூங்கிக்கொண்டே இருப்பேன். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், எழுந்துவிடுவேன். அல்லாஹ் உங்களை நல்லபடியாக வீடு சேர்க்கட்டும்.

உங்கள்
ரஃபத்