உன் படத்துக்கு நான் அடித்த கிளியர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதற்கு இந்தக் கடிதம் முழுக்க வேண்டும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்காரர்கள் கொடுக்கும் உறுதித்தாளில், இதைக் கடைசி வரை படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதே. இரண்டு முறை உனக்குப் போன் செய்தேன், இரண்டு முறையும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் வாய் எப்போது திறக்கும், எப்போது பூட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். நீ வரைந்த படம் லாரியில் அங்கே வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம், விரைவுத் தபால் மூன்று நாளில் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, கிளட்சை மிதிக்கும்போது மட்டும் முனகுகிறார், பள்ளிக்கூடப் பேருந்தில் முன் சீட்டுப் பிள்ளைகள், அங்கிள் இந்தச் சத்தம் உங்களோடதா பஸ்ஸோடதா என்று கேட்கிறார்களாம். மாடி வீட்டுத் தையற்காரம்மா உன்னை விசாரித்தார், உங்க பொண்ணு படம் வரைஞ்சு சம்பளம் வாங்குதா, சம்பளம் வாங்கிப் படம் வரையுதா என்றார், இரண்டும்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர்தான் அன்று படத்தை இறக்கக் கை கொடுத்தார். லாரிக்காரர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை. தூசி தட்டலாம் என்று மெல்லிய துணியால் ஓர் ஓரத்தைத்தான் ஒற்றினேன், பாதி இறங்கிய பட்டறை ஷட்டரை நீ வரைந்திருக்கிறாயே, அந்தச் சிவப்பு அப்படியே துணியில் வந்துவிட்டது. ஐந்து மாதம் நீ குனிந்து வரைந்த படம். பத்து நாள் லாரியில் குலுங்கினால் அங்கே வெறும் துணிதான் வந்து இறங்கும் என்று தோன்றியது. நான் இருபது வருஷமாக வண்டிகளுக்கு நிறம் கலக்குகிறவள். எங்கள் பட்டறையில் நிறம் எவ்வளவு சரியாகச் சேர்ந்தாலும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் அடிக்காமல் வண்டியை வெளியே விடமாட்டோம், அடிக்காத வரைக்கும் அது பாதி வேலை. என் மூளைக்கு வேறு எதுவும் எட்டவில்லை. உன் படம் பாதி வேலையாக நிற்கிறது, பெற்றவள் நான் முடித்துக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் சாவி வாங்கி, அப்பாவின் பேருந்திலேயே படத்தைக் கொண்டுபோனோம். ஸ்பிரே அடிக்கும் தம்பியை உனக்கு ஞாபகம் இருக்கும், முகமூடியை எப்போதும் நெற்றியில் மாட்டிக்கொண்டு திரிவானே, நெத்திக்கண்ணன். அவன் அடிக்கிறேன் என்றான், நான் விடவில்லை, என் பிள்ளை படம், நானே அடிக்கிறேன் என்று ஸ்பிரே கன்னை வாங்கினேன். கல்லாக இறுகுவதற்கு ஹார்டனர் கலந்து இரண்டு கோட். பிறகு வண்டிகளைக் காயவைக்கும் சூட்டறையில் அறுபது டிகிரியில் அரை மணி நேரம். கதவைத் திறந்தபோது எனக்குக் கை வைக்கத் தோன்றவில்லை. துரு நிறமெல்லாம் அப்போதுதான் பொங்கின மாதிரி ஈரமாக நின்றது. ஷட்டருக்குக் கீழே நீ விட்டிருந்த வெளிச்சம், வெங்காயத் தோல் மஞ்சள், அது மட்டும் இருண்டு எண்ணெய்க் கறை மாதிரி ஆகிவிட்டது. நிறம் பார்ப்பதுதான் என் பிழைப்பு, அது வேறு மஞ்சள் என்று பார்த்த கணமே தெரிந்தது. ஆனால் முதலாளி வந்து புது வண்டி மாதிரி இருக்கு என்றார், நெத்திக்கண்ணன், அக்கா இதை மண்ணுல புதைச்சு நூறு வருஷம் கழிச்சுத் தோண்டினாலும் பளபளன்னு இருக்கும் என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திங்கட்கிழமை லாரி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மேஜையைத் துடைக்கும்போது, நீ அனுப்பிய உறை கிடந்தது. முகவரிச் சீட்டை மட்டும் கிழித்துப் பெட்டியில் ஒட்டிவிட்டு மீதியை நான் பிரிக்கவே இல்லை. நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், வேதியியல் படித்தவள், டப்பாவைத் திருப்பி எதில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் மூடியைத் திறக்காதவள். அந்த நான் என் மகளுடைய தாளைப் படிக்கவில்லை. கண்காட்சி முடிகிற நாளில் எல்லாப் படங்களையும் தோட்டத்தில் குழி வெட்டி, பார்க்க வந்தவர்கள் முன்னால் மண்ணில் இடுவார்கள், மண்ணோடு மண்ணாக மக்காத எந்தப் பொருளும் படத்தில் இருக்கக் கூடாது, இல்லை என்று வரைந்தவர் உறுதித்தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. நின்றபடியே மூன்று முறை படித்தேன். நிறம் உதிர்வது உனக்குத் தெரியும், வேண்டுமென்றுதான் அப்படி விட்டிருக்கிறாய். நல்ல பெயின்ட் வாங்க வழியில்லாமல்தான் என் பட்டறைத் துருவையும் செங்கல் தூளையும் திரிந்த பாலையும் பிடித்துக்கொண்டு திண்டாடுகிறாய் என்று இத்தனை நாளும் நினைத்து உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தேன் கண்ணு.

அடுத்த பக்கத்தில் ஏன் இப்படி வரைகிறேன் என்று நீ எழுதியிருந்ததையும் படித்துவிட்டேன். அம்மா வேலையிலிருந்து வந்ததும் குளியலறைக்குப் போய் மூக்கைச் சிந்துவார், அன்றைக்கு அடித்த வண்டியின் நிறம் கைக்குட்டையில் இருக்கும், அந்தக் கைக்குட்டையை அவர் தனியாகத் துவைப்பார், யாருடைய மூச்சுக்குள்ளும் போகாத நிறத்தில் ஒரு படமாவது வரைய வேண்டும் என்று. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதை நீ பார்த்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் துவைப்பேன், கொடியில் அப்பாவின் சட்டைக்கு உள்பக்கமாகத்தான் போடுவேன். எந்த வயதில் பார்த்தாய் என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

கழற்ற முடியுமா என்றும் பார்த்துவிட்டேன். உன் கட்டிலுக்கு அடியில் நீ நிறம் சோதித்த துணித் துண்டுகள் இருந்தன, ஒன்றில் அதே கிளியரை அடித்துக் காயவைத்து, பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டேன், கிளியர் அசையவில்லை. ஈரம் வைத்து உப்புத்தாள் தேய்த்தேன், கிளியர் போவதற்குள் நிறமும் துணியும் சேர்ந்து போய்விட்டது. ஆகவே அது போகாது. அங்கே யாராவது சுரண்டிப் பார்க்கலாம் என்று சொன்னால் நம்பிக் கையை வைக்காதே. அப்பா சொல்கிறார், சும்மா இருடி, மண்ணுக்குள்ள போனதை யார் தோண்டப் போறாங்க, பிள்ளைக்கு முதல்முதலா கிடைச்ச இடம், நீ எழுதி அதைக் கெடுக்காதே என்று. அவர் பாசத்தில் சொல்கிறார். எனக்கும் ஒரு நாள் முழுக்க அதுதான் சரி என்று பட்டது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் நீ தெரியாமல் கையெழுத்துப் போட்டால் அந்தப் பொய் என்னுடையது, தெரிந்து போட்டால் உன்னுடையது. முதலாவது எனக்குத் தாங்காது, அதனால் உனக்குத் தெரியப்படுத்திவிட்டேன். இடம் போனால் போகும், அது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன், சின்ன விஷயம் இல்லை.

அந்தத் தாளில் என்னென்ன சேர்த்தாய் என்று ஒன்பது வரி எழுதியிருக்கிறாய். பத்தாவது வரியை நானே சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள், எங்கள் பட்டறை அட்டையில் எழுதுகிற கணக்கு, தவறு இருக்காது. கிளியர் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு, இரண்டு கோட், மக்காது. அடித்தவர், வரைந்தவரின் அம்மா. இதை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பிறகு அவர்கள் சொல்வதைக் கேள். அவர்கள் வேண்டாம் என்றால் படத்தைத் திருப்பி அனுப்பச் சொல், லாரி வாடகையை இங்கே கொடுத்துக்கொள்கிறோம். உன் மேல் கோபப்பட்டால், எங்கள் பட்டறை போன் எண்ணைக் கொடு, அப்போது மட்டும் என் வாய் பூட்டிக்கொள்ளாது. என் மேல் நீ கோபப்படலாம், போனிலேயே கோபப்படு, எழுத உட்கார்ந்தால் நீ குறைத்து எழுதிவிடுவாய்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. கையில் காசு இல்லாவிட்டால் சாப்பாட்டில் கை வைக்காதே. நீ எந்த ஊரில் எதை வரைந்தாலும் உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், அதற்கு அப்பா அம்மா இருவர் ஆசீர்வாதமும் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் பத்தாவது வரி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கேட்காமல் அடித்துவிட்ட உன் அம்மா