சாக்லேட் வரும் பக்கங்கள்

என் பெரியவளுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. மணி ஒன்றரை ஆகிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், பகலில் வாண்டு பேனாவைக் கையில் விட்டுவைப்பதில்லை. இங்கே அப்பா, வாண்டு, நான் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீயும் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் இந்தத் தடவை அதை நான் கேட்கவில்லை. அப்பாவை லிஃப்ட் கம்பெனியில் மறுபடி பழைய கட்டடங்களுக்கு மாற்றிவிட்டார்கள், தினமும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறார், லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கு மட்டும் எல்லா மாடிக்கும் படிதான் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார். எங்கள் பெயின்ட் லேபில் புது மேனேஜர் வந்திருக்கிறார், வெள்ளையிலேயே பதினொரு வெள்ளை இருக்கிறது என்பது இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. வாண்டுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, சாக்லேட்டைத் தாக்லேட் என்கிறாள், அப்பா வேண்டுமென்றே பத்து தடவை சொல்லவைத்துக் கேட்கிறார்.

அவளால்தான் இந்தக் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அவள் சமையலறைத் தரையில் பொம்மைகளுக்குப் பார்ட்டி வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கி வைத்திருந்த புது ஸ்பாஞ்சை எடுத்துக் கத்தரிக்கோலால் துண்டு போட்டிருந்தாள், அதுதான் கேக்காம். மூன்று பொம்மைகளுக்கு முன்னால் துண்டு இருந்தது, நாலாவதற்கு இல்லை. ஏண்டி அதுக்கு மட்டும் குடுக்கல, பாவம்ல என்று கேட்டேன். அது நம்ம அக்கா, அது வெட்டிக் குடுக்கும், திங்காது, மோந்து மட்டும் பாக்கும் என்றாள். சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோய்விட்டது. நீ ஒரு முழுத் துண்டு கேக் சாப்பிட்டு நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன், குழாயை மூடக்கூடத் தோன்றாமல் யோசித்தேன், ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

நாம் இரண்டு பேரும் இந்தக் கேக் செய்வதை எவ்வளவு ஆசையாக ஆரம்பித்தோம். நீ எட்டாவது படித்தாய், நான் முட்டை அடிப்பேன், நீ மேடைமேல் ஏறி உட்கார்ந்து நாவல் வாசிப்பாய். யாராவது குளிரில் நடுங்கிக்கொண்டு வருவார்கள், யாரோ ஒரு கோப்பை சூடான சாக்லேட்டைக் கையில் கொடுப்பார்கள், அந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக வாசிப்பாய், எனக்கே நாக்கில் ஊறும். ஒரு கதையில் மாவு கலந்த அடுத்த பக்கத்திலேயே கேக் வெந்துவிட்டது என்று எழுத்தாளர்மேல் உனக்கு அப்படி ஒரு கோபம், இந்த ஆளு ஜென்மத்துல ஓவன் பக்கம் போனதே இல்லம்மா, சூடு பண்ணவே இருபது நிமிஷம் ஆகும் என்றாய். அந்தக் கதைங்கள்ல ஒருத்தியாவது பாத்திரம் கழுவுறாளா பாரு என்று நான் சொன்னேன். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் காவலாளி ஒரே ஒரு சாக்லேட் பாரை ஒரு நாளைக்கு ஒரு கட்டமாக மாதம் முழுக்கச் சாப்பிடுகிற கதை நினைவிருக்கிறதா, அதை மட்டும் எத்தனை தடவை வாசித்திருப்பாய். சாக்லேட் உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து கட்டி தட்டிப்போனால் பயப்படாமல் கொஞ்சம் சுடுபால் ஊற்றிக் கலக்கு, இளகிவிடும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். லேபில் பெயின்ட் கரண்டியிலிருந்து எப்படி விழுகிறது என்று பார்க்கிற கண்ணால் உன் கேக் மாவைப் பார்த்து, என்னைவிட உனக்குக் கை நன்றாக வந்துவிட்டது என்று கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அதோடு விட்டேனா, எம் பொண்ணு அத்தனை பேருக்கும் செஞ்சு குடுப்பா, தான் ஒரு வாய் வைக்க மாட்டா என்றும் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே உன் அலமாரியைத் திறந்தேன். உன்னைக் கேட்காமல் திறந்தது தப்புதான், அதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். புத்தகங்களில் பக்க முனைகள் மடித்திருந்தன, எடுத்துப் பார்த்தால் மடித்த பக்கம் ஒவ்வொன்றிலும் யாரோ எதையோ தின்கிறார்கள், பாதிக்கு மேல் சாக்லேட். பின்னால் அந்த நீல நோட்டு. என்ன அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை, அத்தனையும் சாப்பாட்டு வரிகள். அந்தக் காவலாளியின் பக்கத்தை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். ஓரத்தில் தேதி வேறு போட்டிருக்கிறாய். முதல் தேதி உன் பதினாறாவது பிறந்தநாளுக்கு மறுநாள்.

அந்தப் பிறந்தநாளில் அத்தை எல்லோர் முன்னாலும் என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவிருக்கிறது. என்னடி, செய்யறதெல்லாம் நீயே தின்னுடுவியா, கதவை அகலமா வைக்கணும் போலிருக்கே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். நீயும் சிரித்துவிட்டுக் கையிலிருந்த தட்டை என்னிடம் நீட்டினாய், நான் அதை வாங்கிக்கொண்டுபோய் வேறு யாருக்கோ கொடுத்தேன். மூன்று வருஷம் ஆகிறது. அத்தையைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது, அவள் வருஷத்துக்கு ஒருநாள் வந்து போகிறவள், நான் தினமும் உனக்குத் தட்டு வைத்தவள்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன், இதற்கும் கோபப்படு, ஆனால் அந்தப் பெண்ணிடம் பேசாமல் இருந்துவிடாதே. உன் ஹாஸ்டல் அறைத்தோழிக்குப் போன் செய்தேன். முதலில் ஒன்றுமில்லை ஆன்ட்டி, ஒன்றுமில்லை என்றாள், பிறகு அழுதுவிட்டாள். எங்களுக்கெல்லாம் கப்புல கேக் செஞ்சு குடுப்பா ஆன்ட்டி, அவளுக்கும் ஒண்ணு எடுத்துப்பா, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா அது என் மேசையில இருக்கும் என்றாள். போன வாரம் நீ மாடிப்படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டதையும் சொன்னாள். அன்றைக்கு ராத்திரியும் நாம் போனில் பேசினோமே கண்ணு. சாப்டியா என்று நான் முடிப்பதற்குள் சாப்ட்டேம்மா என்றாய், நான் சரி தூங்கு என்று வைத்துவிட்டேன். அந்தக் கேள்வியை நான் ஹலோ சொல்வதுபோலக் கேட்டிருக்கிறேன், நீயும் அப்படியே பதில் சொல்லியிருக்கிறாய். அதனால்தான் போனில் பேசாமல் தாளில் எழுதுகிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். உடனே எழுந்து பையை எடுத்துவைத்து நாளைக்கே போய்க் கூட்டிட்டு வந்துடறேன், படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம் என்றார். நான்தான் அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். எங்கள் கம்பெனி டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். திட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, தட்டைப் பார்த்துக்கொண்டே உட்காரக் கூடாது, இது பிடிவாதம் இல்லை, ஒரு நோய், ஆரம்பத்திலேயே போனால் நன்றாகக் குணமாகும் என்றார். உன் ஊரில் இதற்கென்றே இருக்கிற ஒரு டாக்டரின் பெயரும் எழுதிக் கொடுத்தார், அந்தச் சீட்டைக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். அவரைப் பார்க்கும்வரைக்கும் தனியாக வெளியே போகாதே, தலை சுற்றினால் வெட்கப்படாமல் அறைத்தோழியிடம் சொல், படிகளில் கைப்பிடியைப் பிடித்து ஏறு.

இன்று சாயங்காலம் உன் நோட்டில் இருந்த ஒரு கேக்கைச் செய்தேன், ஏன் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை, உன் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. நன்றாகவே வந்தது, நடுவில் இன்னும் கொஞ்சம் இளகலாக, நீ சொல்வாயே, விரலால் அழுத்தினால் பெருமூச்சு விடணும் என்று, அப்படி. அப்பாவுக்கு ஒன்று, வாண்டுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு இரண்டு வெட்டிவைத்துவிட்டுத் தட்டில் ஒட்டியிருந்த கருகல் தூளை வழித்து வாயில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் என் கையைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நீ பார்த்தது இந்தக் கையைத்தானே. உடனே ஒரு பெரிய துண்டாக வெட்டித் தட்டில் போட்டு மேசையில் உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டேன். வாண்டு தன்னுடையதை மறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, உனக்குக் கேக் புடிக்குமா என்று கேட்டாள். பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும் என்றேன். அவளுக்கு ஆறு வயது ஆகிறது, இன்றைக்குத்தான் அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. உனக்குப் பத்தொன்பது, உனக்கு எப்போதாவது தெரிந்திருக்குமா என்று நினைத்து நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

நீ கெட்டிக்காரி, நல்ல மனசுக்காரி, நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அதற்குமேல் உன்னிடம் எனக்கு எதுவும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம். சனிக்கிழமை காலையில் நான் மட்டும் புறப்பட்டு வரலாம் என்று இருக்கிறேன். டாக்டரைப் பார்க்கப் போகும்போது உள்ளே நீ தனியாகவே போ, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன். முதல் தடவையே என்னோடு போகப் பிடிக்கவில்லை என்றால் அறைத்தோழியோடு போய்விட்டு வந்து சொல், நான் அடுத்த நாள் வருகிறேன். போகாமல் மட்டும் இருந்துவிடாதே. நான் வரட்டுமா என்பதற்கு ஒரு வார்த்தை எழுது. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
அம்மா